ஒரு வயதுக் குழந்தையை வீட்டுச் சாப்பாட்டுக்குப் பழக்குவது எப்படி? விவசாயக் குடும்பங்களுக்கான வழிகாட்டி

சுங்குவார்சத்திரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் விடியற்காலையிலேயே கம்பெனி பஸ் வந்து நின்றுவிடுகிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சிப்காட் வேலைக்கு மருமகளோ மகளோ கிளம்பிப் போகிறார். மகன் இன்னொரு ஷிப்டில் இருப்பார், அல்லது நெல் வயலில் இருப்பார். ஒரு வயதுக் குழந்தை ஆயா, தாத்தா கையில் இருக்கும். குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி, அம்மா வீட்டில் இல்லாத அந்த எட்டு, பத்து மணி நேரம்தான். அந்த நேரத்தில் அது என்ன சாப்பிடுகிறது என்பதில்தான் வளர்ச்சி இருக்கிறது.

பிறந்தபோது 3 கிலோ இருந்த குழந்தை, முதல் பிறந்தநாளில் ஏறக்குறைய 9 கிலோ இருக்கும். அதுவரை தாய்ப்பாலும் மசித்த உணவும் போதும். அதன்பிறகு வீட்டில் எல்லோரும் சாப்பிடும் சாப்பாட்டுக்கு மாற வேண்டும். பல குழந்தைகள் இந்த மாற்றத்தின்போதுதான் மெலிகின்றன. "நம்மோடு சேர்ந்து சாப்பிடுகிறான்" என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். உள்ளே போனது நாலு வாய் ரசம் சோறும் இரண்டு பிஸ்கட்டும்தான் என்பது எடை போட்டுப் பார்க்கும்போதுதான் தெரியும்.

குழந்தையை வீட்டில் பார்த்துக்கொள்பவர் யாராக இருந்தாலும் இந்தக் கட்டுரை அவருக்காகத்தான். வீட்டில் எல்லோரும் ஒரு முறை படித்துவிட்டு ஒரே மாதிரி நடந்துகொண்டால் நல்லது.

தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்

ஒரு வயது ஆனதும் தாய்ப்பாலை நிறுத்திவிட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. 2 வயது வரையும், அதற்குப் பிறகும் கொடுக்கலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

இந்த வயதில் குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 900 கலோரி தேவை. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதில் 350 கலோரி வரை பாலிலேயே கிடைத்துவிடும். மீதி 550 கலோரி சாப்பாட்டிலிருந்து வர வேண்டும். வேலைக்குப் போகும் அம்மா கிளம்பும் முன் ஒரு முறையும், திரும்பி வந்ததும் ஒரு முறையும், இரவிலும் கொடுத்தால் போதும். பகலில் கொடுக்க முடியவில்லையே என்று முழுவதும் நிறுத்திவிட வேண்டாம்.

எத்தனை தடவை, எவ்வளவு?

ஒரு வயதுக் குழந்தையின் இரைப்பை ஒரு தடவைக்கு 250 மி.லி. அளவுதான் கொள்ளும். அதனால் பெரியவர்களைப் போல மூன்று வேளை சாப்பிட்டால் அதற்குப் போதாது.

• ஒரு நாளைக்கு 3 முதல் 4 வேளை சாப்பாடு.
• இடையில் 1 அல்லது 2 முறை சிறு தீனி (பழம், முட்டை, சுண்டல் மசியல் போன்றவை).
• ஒரு வேளைக்கு 250 மி.லி. கிண்ணத்தில் முக்கால் கிண்ணம் முதல் ஒரு கிண்ணம் வரை. இதுவரை அரைக் கிண்ணம் சாப்பிட்டு வந்த குழந்தைக்கு ஒரு வாரத்துக்கு ஒரு கரண்டி என்று கூட்டினால் போதும்.
• குழந்தைக்குத் தனிக் கிண்ணம் வைக்கவும். பெரியவர் தட்டிலிருந்து ஊட்டினால் எவ்வளவு சாப்பிட்டது என்று யாருக்கும் தெரியாது.

உணவு எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதற்கு எளிய சோதனை உண்டு. ஒரு கரண்டி எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். உடனே வழிந்து ஓடினால் அது தண்ணீர் உணவு; வயிறு நிறையும், சத்து ஏறாது. கரண்டியிலேயே நிற்க வேண்டும். பருப்புத் தண்ணீர், சோற்றுக் கஞ்சித் தெளிவு, ரசத் தண்ணீர் ஆகியவற்றை உணவாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பருப்பின் சத்து பருப்பில்தான் இருக்கிறது. அதை மசித்துப் போடுங்கள்.

ஒரு டீஸ்பூன் நெய்யோ எண்ணெயோ சேர்த்தால் 45 கலோரி கூடும். சின்ன வயிற்றுக்குள் அதிகச் சத்தை வைப்பதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. வேளைக்கு ஒரு டீஸ்பூன் தாராளமாகச் சேர்க்கலாம்.

வீட்டுச் சமையலிலிருந்தே எடுத்து வைப்பது

குழந்தைக்கென்று தனிச் சமையல் தேவையில்லை. வீட்டுச் சமையலில் சரியான நேரத்தில் கொஞ்சம் எடுத்து வைத்தால் போதும்.

1. சாம்பார், கூட்டு, கீரை எதுவானாலும் காய்கறியும் பருப்பும் வெந்ததும், மிளகாய்த்தூளும் உப்பும் போடும் முன் குழந்தையின் பங்கை எடுத்து வையுங்கள். மஞ்சள், சீரகம், பூண்டு இருக்கலாம்.
2. சோற்றை வடித்த பின் குழந்தைக்கு உரிய பங்கை இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைய வேக வையுங்கள்.
3. கையாலோ கரண்டியாலோ மசிக்கவும். மிக்ஸியில் அடிக்க வேண்டாம். ஒரு வயதில் ஈறால் மென்று பழக வேண்டும். கூழாகவே கொடுத்து வந்தால் பிறகு கட்டியான உணவைத் துப்பும்.
4. மாதம் ஆக ஆக மசிப்பதைக் குறைத்து, சிறு துண்டுகளாகக் கொடுங்கள். ஒன்றரை வயதுக்குள் இட்லி, தோசை, சோறு, வெந்த காய்த் துண்டு ஆகியவற்றைத் தானே எடுத்துச் சாப்பிடப் பழகிவிடும்.

தட்டில் ஒவ்வொரு வேளையும் மூன்று வகை இருக்கிறதா என்று பாருங்கள்: ஒரு தானியம் (அரிசி, கேழ்வரகு, கோதுமை), ஒரு பருப்பு அல்லது முட்டை அல்லது மீன் அல்லது கறி, ஒரு காய் அல்லது கீரை. சோறும் ரசமும் மட்டும் என்றால் ஒரு வகைதான் ஆயிற்று.

வேகமாகச் செய்யக்கூடிய மதியச் சாப்பாடு

தேவையான பொருட்கள்: அரிசி 30 கிராம் (ஒரு பிடி), பாசிப்பருப்பு 15 கிராம் (அரைப் பிடி), முருங்கைக்கீரை அல்லது வேறு கீரை ஒரு சிறு பிடி, நெய் அல்லது கடலை எண்ணெய் ஒரு டீஸ்பூன், சிட்டிகை மஞ்சள்.

செய்முறை: அரிசி, பருப்பைக் கழுவி, நான்கு மடங்கு தண்ணீர் விட்டு மஞ்சள் போட்டுக் குக்கரில் குழைய வேக வைக்கவும். பொடியாக அரிந்த கீரையைச் சேர்த்து மேலும் 5 நிமிடம் வேக விடவும். இறக்கி மசித்து, நெய் ஊற்றி, கடைசியில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடவும். இதில் சுமார் 200 கலோரி இருக்கும்.

வேலைக்குப் போகும் அம்மாக்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. விடியற்காலை 4 மணிக்கே சமைத்து மூடி வைத்துவிடுகிறார்கள். குழந்தைக்கு அது மதியம் 12 மணிக்குப் போகிறது. நம் ஊர் வெயிலில் சமைத்த உணவு வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கிருமி பெருகும். அதற்குப் பதிலாக அரிசியையும் பருப்பையும் அளந்து ஒரு டப்பாவில் போட்டு வைத்துவிட்டுப் போங்கள். கீரையை ஆய்ந்து வைத்துவிடலாம். ஆயா 11 மணிக்குக் குக்கரை வைத்தால் போதும். ஃபிரிட்ஜில் வைத்த உணவானால் ஆவி பறக்கும் வரை முழுவதும் சூடு செய்து, ஆற வைத்துக் கொடுக்க வேண்டும்.

இரத்தசோகைதான் பெரிய பிரச்சினை

2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. அதாவது இரண்டில் ஒரு குழந்தைக்கு மேல். இரத்தசோகை உள்ள குழந்தை சோர்ந்திருக்கும், பசி எடுக்காது, அடிக்கடி நோய் வரும். இந்த வயதில்தான் மூளை வேகமாக வளர்கிறது. இரும்புச்சத்து குறைந்தால் அந்த வளர்ச்சியும் பாதிக்கும்.

ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 8 மி.கி. இரும்புச்சத்து தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். அதற்குச் செய்ய வேண்டியவை:

• வாரம் இரண்டு, மூன்று முறையாவது மீன், கோழி, ஆட்டுக்கறி இவற்றில் ஒன்றைக் கொத்தி மசித்துக் கொடுக்கவும். வாரம் ஒரு முறை சிறு துண்டு ஈரல் நல்லது. ஏரி மீனானால் முள்ளை விரலால் தடவிப் பார்த்து எடுத்துவிடவும்.
• சைவக் குடும்பமானால் பயறு, காராமணி, மொச்சை, கீரை, கேழ்வரகு தினமும் இருக்க வேண்டும். பயறுகளை ஊற வைத்து முளை கட்டினால் இரும்புச்சத்து உடலில் கூடுதலாகச் சேரும். மொச்சை, காராமணித் தோலை நீக்கி மசிக்கவும்.
• கூடவே எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா, தக்காளி ஏதாவது ஒன்று இருந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.
• டீ, காபி கொடுக்கவே கூடாது. டீயில் பிஸ்கட்டை நனைத்து ஊட்டும் பழக்கம் நம் வீடுகளில் அதிகம். டீ இரும்புச்சத்தை உடலில் சேர விடாமல் தடுக்கும். பிஸ்கட் பசியைக் கொல்லும்.
• மாட்டுப் பால் ஒரு நாளைக்கு 400 முதல் 500 மி.லி.க்கு மேல் வேண்டாம். அதிகமாகக் குடித்தால் சாப்பாட்டுப் பசி போய்விடும், இரத்தசோகையும் வரும். தாய்ப்பால் நன்றாகக் குடிக்கும் குழந்தைக்கு ஒரு டம்ளரே போதும். பாட்டிலில் கொடுக்காமல் டம்ளரில் பழக்கவும்.

அரசு சுகாதாரத் துறை 6 மாதம் முதல் 5 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு இரும்புச்சத்து மருந்து (சிரப்) கொடுக்கிறது. வாரம் இரண்டு நாள், நாளுக்கு 1 மி.லி. வந்த பாட்டில் அலமாரியில் தூங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மலம் கருப்பாகப் போவது இயல்பு, பயப்பட வேண்டாம்.

விளைச்சலில் நல்லது குழந்தைக்கு

நம்மிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. முதல் தரம் மண்டிக்குப் போகும், கழிவு வீட்டுக்கு வரும். பெரியவர்களுக்கு அது எப்படியோ, குழந்தை விஷயத்தில் இதை மாற்ற வேண்டும்.

வேர்க்கடலை: சரியாகக் காயாத கடலையிலும், சுருங்கிய, பூசணம் பிடித்த, நிறம் மாறிய பருப்பிலும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருக்கும். இது ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் வேக வைத்தாலும் போகாது. அந்தக் கடலையைச் செக்கில் ஆட்டினால் எண்ணெயிலும் வரும். காய்களை ஈரப்பதம் 8 முதல் 9 சதவீதத்துக்குக் கீழ் வரும் வரை காய வையுங்கள். குலுக்கினால் பருப்பு சலசலக்க வேண்டும். வீட்டுக்கு எடுக்கும் கடலையைக் கையால் பொறுக்கி, முழுதாக, திரண்டதாக உள்ளதை மட்டும் குழந்தைக்கு வையுங்கள். மக்காச்சோளத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

காய், கீரை: பூச்சிமருந்து அடித்த வயலில் குழந்தைக்காகப் பறிக்கும் முன், மருந்து டப்பாவின் லேபிளில் எழுதியிருக்கும் காத்திருப்பு நாட்கள் முடிந்துவிட்டனவா என்று பாருங்கள். எளிய வழி, குழந்தைக்கென்று வீட்டுக்குப் பின்னால் மருந்தே அடிக்காத நாலு பாத்தி: முருங்கை ஒன்று, பப்பாளி ஒன்று, கீரை, அவரைப் பந்தல். மருந்து அடித்துவிட்டு வந்தவர் குளித்து, துணி மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும். காலி மருந்துப் பாட்டிலில் எண்ணெயோ தண்ணீரோ எப்போதும் ஊற்றி வைக்கக் கூடாது.

பால்: கறந்த பாலைப் பச்சையாகக் கொடுக்க வேண்டாம். மாட்டிலிருந்து காசநோயும் புரூசெல்லா காய்ச்சலும் பால் வழியாக வரலாம். பொங்கக் காய்ச்சிக் கொடுங்கள். ஒரு வயதுக்கு மேல் பாலில் தண்ணீர் கலக்கத் தேவையில்லை.

முட்டை: ஒரு முட்டையில் சுமார் 70 கலோரியும் 6 கிராம் புரதமும் இருக்கிறது. இந்த வயதுக்கு ஒரு நாளில் தேவையான புரதத்தில் ஏறக்குறைய பாதி. நாட்டுக்கோழி முட்டையைச் சந்தைக்கு அனுப்பும் முன் குழந்தைக்குத் தினம் ஒன்று எடுத்து வையுங்கள். மஞ்சள், வெள்ளை இரண்டையும் முழுவதும் வேக வைத்துக் கொடுக்கலாம்.

சத்துமாவு

அங்கன்வாடியில் 6 மாதம் முதல் 3 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு இணை உணவாகச் சத்துமாவு கொடுக்கிறார்கள். அதை வாங்கி மாட்டுக்குத் தவிட்டோடு கலக்கும் வீடுகளும் உண்டு. குழந்தைக்கு வந்ததைக் குழந்தைக்கே கொடுங்கள். அதில் இனிப்பு ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. மேலும் சர்க்கரை போட வேண்டாம். கெட்டிக் கஞ்சியாகவோ, நெய் விட்டு உருட்டியோ கொடுக்கலாம்.

வீட்டில் செய்ய: முளைகட்டிய கேழ்வரகு 500 கிராம், பச்சைப்பயறு 200 கிராம், பொட்டுக்கடலை 200 கிராம், வேர்க்கடலை 100 கிராம். கேழ்வரகைக் கழுவி 12 மணி நேரம் ஊற வைத்து, துணியில் கட்டி ஒரு நாள் முளை விடவும். வெயிலில் நன்றாகக் காய வைத்து, முளையைத் தேய்த்து உதிர்க்கவும். பச்சைப்பயறு, கடலையைத் தனித்தனியாக வறுத்து, கடலைத் தோலை ஊதிவிடவும். எல்லாவற்றையும் அரைத்துச் சலித்து, காற்றுப் புகாத டப்பாவில் வைத்து ஒரு மாதத்துக்குள் பயன்படுத்தவும். இரண்டு மேசைக்கரண்டி மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்து, அடுப்பில் கிளறி 8 முதல் 10 நிமிடம் கொதிக்க வைத்து, பாலும் நெய்யும் சேர்க்கவும்.

முளைகட்டிய கேழ்வரகில் இன்னொரு பயன் உண்டு. வறுக்காமல் காய வைத்து அரைத்த முளைக் கேழ்வரகு மாவை அரை டீஸ்பூன் எடுத்து, கெட்டியாகக் காய்ச்சி இறக்கிய வெதுவெதுப்பான கஞ்சியில் கலந்து கிளறினால், சில நிமிடத்தில் கஞ்சி இளகிவிடும். தண்ணீர் ஊற்றாமலே விழுங்க எளிதாகும், சத்தும் குறையாது. இளகியதும் மறுபடி ஒரு கொதி விட்டுப் பிறகு ஆற வைத்துக் கொடுக்க வேண்டும். நோயிலிருந்து தேறும் குழந்தைக்கு இது மிகவும் நல்லது.

காலை ஷிப்ட் வீட்டுக்கு ஒரு நாள் அட்டவணை

• அம்மா கிளம்பும் முன்: தாய்ப்பால்.
• காலை 7.30: இட்லி ஒன்றரை முதல் இரண்டு, மசித்த பருப்பு, நெய். அல்லது கெட்டியான கேழ்வரகுக் கூழில் பாலும் நெய்யும்.
• காலை 10.00: வேக வைத்த முட்டை அல்லது மசித்த வாழைப்பழம், பப்பாளி.
• மதியம் 12.30: பருப்புக் கீரை சோறு.
• மாலை 3.00: சத்துமாவுக் கஞ்சி.
• அம்மா வந்ததும்: தாய்ப்பால்.
• இரவு 7.00: வீட்டாரோடு உட்கார்ந்து சோறு, காய், மீன் அல்லது பயறு.
• தூங்கும் முன்பும் இரவிலும்: தாய்ப்பால்.

இரவு ஷிப்ட் உள்ள வாரத்தில் தாய்ப்பால் நேரம் பகலுக்கு மாறும். சாப்பாட்டு நேரத்தை மாற்ற வேண்டாம். அட்டவணையை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி, சாப்பிட்டதும் ஆயா ஒரு கோடு போட்டால், அம்மா வந்ததும் நிலவரம் தெரிந்துவிடும்.

தொண்டையில் அடைக்கும் பொருட்கள்

அறுவடை நேரத்தில் களத்திலும் திண்ணையிலும் வேர்க்கடலை குவிந்து கிடக்கும். ஒரு வயதுக் குழந்தை கையில் கிடைத்ததை வாயில் போடும். ஒரு முழுக் கடலை மூச்சுக்குழாயில் போனால் சில நிமிடத்தில் உயிருக்கு ஆபத்து. 5 வயது வரை முழுக் கடலை கொடுக்க வேண்டாம், அரைத்துக் கொடுக்கவும்.

முழுக் கொண்டைக்கடலை, திராட்சை, பாப்கார்ன், பச்சைக் கேரட், தேங்காய்த் துண்டு, கடலை மிட்டாய், சீத்தாப்பழக் கொட்டை, புளியங்கொட்டை, முறுக்கு ஆகியவையும் ஆபத்தானவை. திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கவும். குழந்தையை உட்கார வைத்தே ஊட்டுங்கள். ஓடும்போதும், அழும்போதும், படுத்திருக்கும்போதும் வாயில் திணிக்கக் கூடாது.

அடைத்துவிட்டால்: நன்றாக இருமினால் இரும விடுங்கள். இருமவோ அழவோ முடியாமல் மூச்சுத் திணறினால், குழந்தையைத் தலை தாழ்வாக இருக்கும்படி குனிய வைத்து, இரு தோள்பட்டைக்கு நடுவில் உள்ளங்கை அடியால் 5 முறை ஓங்கித் தட்டவும். வெளியே வராவிட்டால், பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து 5 முறை உள்ளாகவும் மேலாகவும் அழுத்தவும். (ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வயிற்றில் அழுத்தக் கூடாது.) வெளியே வரும் வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யவும். இன்னொருவர் உடனே 108-ஐ அழைக்கவும். பொருள் கண்ணுக்குத் தெரியாமல் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவ வேண்டாம். அது இன்னும் உள்ளே போய்விடும்.

சாப்பிட மறுத்தால்

ஒரு வயதுக்குப் பிறகு வளர்ச்சி வேகம் குறைவதால் பசியும் ஒரு நாள் போல ஒரு நாள் இருக்காது. அடித்தோ, மூக்கைப் பிடித்தோ ஊட்டினால் சாப்பாட்டைக் கண்டாலே அழும்.

• புது உணவைத் துப்பினால் விட்டுவிட்டு இரண்டு நாள் கழித்து மறுபடி கொடுங்கள். பத்து முறைகூட ஆகலாம்.
• கையில் ஒரு துண்டு கொடுத்துத் தானே சாப்பிட விடுங்கள். சிந்தினால் சிந்தட்டும்.
• செல்போனைக் காட்டி ஊட்ட வேண்டாம். முகத்தைப் பார்த்துப் பேசி ஊட்டுங்கள்.
• சாப்பாட்டுக்கு முன் பாலோ, பிஸ்கட்டோ, கடைப் பாக்கெட் தீனியோ வேண்டாம். ஐந்து ரூபாய் பாக்கெட்டில் உப்பும் எண்ணெயும்தான் இருக்கின்றன. 2 வயது வரை சர்க்கரை, குளிர்பானம், பாக்கெட் ஜூஸ் தேவையே இல்லை.
• அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். கிண்ணத்தை எடுத்துவிட்டு அடுத்த வேளை பாருங்கள்.

வயிற்றுப்போக்கு, காய்ச்சலின்போது

வயிற்றுப்போக்கின்போது சாப்பாட்டை நிறுத்தக் கூடாது. தாய்ப்பாலைக் கூட்டுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி ஊட்டுங்கள். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஒரு முழுப் பாக்கெட் ஓ.ஆர்.எஸ். கரைத்து, ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மி.லி. வரை கரண்டியால் கொடுக்கவும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைக்க வேண்டாம். துத்தநாக மாத்திரை (20 மி.கி.) தினம் ஒன்று 14 நாளுக்குத் தருவார்கள், போக்கு நின்றாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும். தேறிய பிறகு இரண்டு வாரத்துக்குத் தினமும் ஒரு வேளை கூடுதலாகச் சாப்பிட வைத்தால்தான் இழந்த எடை திரும்பும்.

ஊட்டுபவர் கையையும் குழந்தையின் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுவது பாதி நோயைத் தடுக்கும். மாட்டுத் தொழுவத்திலிருந்து நேராக வந்து ஊட்டக் கூடாது.

மாதம் ஒரு முறை எடை

1980-ல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டியில் தொடங்கியது. 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் கூடுதல் உணவு கொடுத்தார்கள். குழந்தை கண்ணுக்கு மெலிந்து தெரியும் முன்பே தராசு சொல்லிவிடும் என்பதுதான் அதன் அடிப்படை. இன்றைக்கும் அங்கன்வாடியில் எடை போடுவது அதற்காகத்தான்.

• முதல் பிறந்தநாளில் சராசரி எடை: ஆண் குழந்தை 9.6 கிலோ, பெண் குழந்தை 8.9 கிலோ. ஆண் 7.7 கிலோவுக்கும், பெண் 7 கிலோவுக்கும் கீழ் இருந்தால் எடை குறைவு.
• இடது மேல்கைச் சுற்றளவு 12.5 செ.மீ.க்குக் கீழ் இருந்தால் சத்துக் குறைவு, 11.5 செ.மீ.க்குக் கீழ் இருந்தால் கடுமையான சத்துக் குறைவு, உடனே மருத்துவரிடம் செல்லவும்.
• இரண்டு மாதம் தொடர்ந்து எடை ஏறாவிட்டால் காத்திருக்க வேண்டாம்.
• வைட்டமின் ஏ சொட்டு மருந்து 9 மாதத்தில் ஒன்று, 16 முதல் 18 மாதத்தில் ஒன்று, பிறகு 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை.
• ஒரு வயது முடிந்ததும் குடற்புழு நீக்க மருந்து தொடங்கும். 1 முதல் 2 வயது வரை அரை மாத்திரை, பொடித்துக் கொடுக்க வேண்டும்.

இரண்டு பாதமும் வீங்கினாலோ, தாய்ப்பாலும் தண்ணீரும் குடிக்க மறுத்தாலோ, சாப்பிட்டது எல்லாம் வாந்தியாகப் போனாலோ, மலத்தில் இரத்தம் வந்தாலோ, வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தாலோ அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ கொண்டு செல்லவும்.

கம்பெனிக்குப் போகும் அம்மாக்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

மகப்பேறு நலச் சட்டம் 2017-ல் திருத்தப்பட்டது. முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் 26 வாரம் விடுப்பு, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம், அங்கே தாய் ஒரு நாளில் 4 முறை சென்று பார்க்கும் வசதி ஆகியவை அதில் சேர்ந்தன. குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான இடைவேளை போக, பாலூட்டுவதற்கென்று 2 இடைவேளை உண்டு. ஒப்பந்தத் தொழிலாளி என்பதால் கேட்கக் கூடாது என்று நினைக்க வேண்டாம். நிர்வாகப் பிரிவில் எழுத்து மூலம் கேளுங்கள். காப்பகம் தூரமாக இருந்து குழந்தையை அழைத்துப் போக முடியாவிட்டாலும், அந்த இடைவேளையில் பாலைப் பிழிந்து எடுத்தால் மார்பு கட்டாது, சுரப்பும் குறையாது.

நிறைவாக

தினமும் சரிபார்க்க ஐந்து விஷயம் போதும்: தாய்ப்பால் கிடைத்ததா, நாலு வேளை சாப்பிட்டதா, முட்டை அல்லது பருப்பு அல்லது மீன் இருந்ததா, கீரை அல்லது பழம் இருந்ததா, கரண்டியில் நிற்கும் அளவுக்குக் கெட்டியாக இருந்ததா. நாற்றுப் பருவத்தில் விட்டதை உரம் போட்டுப் பின்னால் பிடிக்க முடியாது என்பது நமக்குத் தெரியும். குழந்தைக்கு அந்தப் பருவம் 2 வயது வரை.

மேலும் விவரம் தேவைப்பட்டால் உங்கள் ஊர் அங்கன்வாடிப் பணியாளரையோ, கிராம சுகாதார செவிலியரையோ நேரில் கேளுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற இலவச எண்ணை அழைக்கலாம். அவசரத்துக்கு 108.